ஏழாவது வளைவில் இறங்கியவர்

டீசல் புகையும், நகத்தால் கீறிய எலுமிச்சைத் தோலும் கலந்த ஒரு வாசனை... சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் காலை பஸ் என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

ஒரே நாளில் போய்த் திரும்ப நல்ல ஊர் எது என்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். ஆளுக்கொரு ஊர் சொன்னீர்கள். ஏற்காட்டுக்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இருபதுதான். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கிறது, தயவுசெய்து படித்துக்கொண்டே போங்கள்.

நான் ஏற்காட்டில் கான்வென்ட் ஹாஸ்டலில் தங்கிப் படித்து டீச்சரானவள். கல்யாணமான புதிதில் கணவர் வீட்டில் அதைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன்.

"எனக்கெல்லாம் மலை ரோடு நொம்பப் பழக்கங்க. கீழயே இருக்கறவங்களுக்குத்தான் தலை சுத்தும்."

பொய். லீவுக்கு இறங்கும்போதும் வாந்தி, திரும்பி ஏறும்போதும் வாந்தி. ஆனால் சொல்லியாயிற்று. நாத்தனார் சும்மா விடுவாரா?

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழமை ஏற்காடு போலாம். நீயே ஊரச் சுத்திக் காட்டு."

பஸ்ஸில் முன் சீட்டில் நாத்தனார். பின்னால் நாங்கள் இருவரும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். நான்கு... ஐந்து... ஆறாவதில் வாய்க்குள் உப்புத் தண்ணீர் ஊறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். செத்தாலும் அந்த அம்மாள் முன்னால் வாந்தி எடுப்பதில்லை என்று முடிவு.

ஏழாவது வளைவு. என் கணவர் திடீரென்று எழுந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, வண்டியக் கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு ஒமட்டுதுங்க."

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் விசில் ஊதிவிட்டு, "என்னங்க மாப்ள, ஊட்டுல விசேஷமா?" என்றார். நாத்தனார் திரும்பிப் பார்த்து, "ஏண்டா, பொண்டாட்டி கல்லாட்டம் உக்காந்திருக்கறா, மசக்கை உனக்கா?" என்றார்.

"நீயும் எறங்கி வா டீச்சர். எனக்குத் தண்ணி ஊத்தோணும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பாறை. அதன் பின்னால் போனதும் நான் குனிந்துவிட்டேன். அவர் என் பக்கத்தில் குனிந்து, பஸ் வரைக்கும் கேட்கும்படி "ஓ... ஓ..." என்று ஓங்கரித்தார். என் சத்தம் அதில் மறைந்துபோனது. பிறகு கைக்குட்டையை நனைத்து முதலில் என் வாயைத் துடைத்தார். அப்புறம் சுத்தமாக இருந்த தன் வாயையும் துடைத்துக்கொண்டார்!

அன்று ஏரிக்கரையில் நாத்தனார் மிளகாய் பஜ்ஜி வாங்கினார். என் கணவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. "உனக்கு வேண்டாஞ்சாமி, வயிறு தாங்காது." அவர் சோடா குடித்தார். நான் இரண்டு பஜ்ஜி தின்றேன்.

அதன்பின் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஏறினோம். காப்பி பூக்கும் சமயத்தில் கட்டாயம். மழை பெய்த சில நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணக்கும். கரடியூர் வரைக்கும் நடப்போம். தலைச்சோலையிலிருந்து ஆரஞ்சு கொண்டுவந்து விற்கிற அம்மாள் அவரைப் பார்த்ததும் கேட்பார்: "ஏனுங்க சார், இன்னைக்கும் ஏழாவதுல எறங்குனீங்ளா?"

"எறங்காம வருவனுங்களா?" என்பார்.

எலுமிச்சம்பழத்தை எல்லாரும் பார்க்கும்படி நான்தான் பையில் வைப்பேன், "அவருக்கு" என்று சொல்லி. பஸ்ஸில் அவர் ஒரு தடவை முகர்ந்துவிட்டு என் கையில் கொடுப்பார். "நீ வச்சுக்க, அப்பறமா வாங்கிக்கறேன்." ஒருநாளும் திருப்பி வாங்கியதில்லை.

ஒரு தடவை கேட்டேன். "ஏனுங்க, அன்னைக்கு நெசமாவே உங்களுக்கு ஒமட்டுச்சா?"

"ஒமட்டெல்லாம் இல்ல. கைதான் வலிச்சுது. ஆறாவதுல இருந்து நசுக்கிட்டே வந்தியே."



அவர் ஏழாவதில் இறங்குவது வீட்டில் தீராத வேடிக்கையாகிவிட்டது. பிள்ளைகள் கேலி செய்தார்கள், மருமகள் வந்து கேலி செய்தாள். அவர் படத்துக்கு மாலை போட்ட அன்றுகூட யாரோ ஏழாவது வளைவைச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்ல எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன...

போன மாதம் மகன் என்னைக் காரில் அழைத்துப் போனான். கண்ணாடி ஏற்றிய ஏசி கார். காப்பி பூத்திருந்தது, வாசனை உள்ளே வரவில்லை. ஆறாவது பலகை தாண்டியதும் அவன் சிரித்தான்.

"அப்பா இருந்தா இன்னேரம் வண்டிய நிறுத்தச் சொல்லியிருப்பாரும்மா."

"நிறுத்து கண்ணு" என்றேன். "எனக்கு ஒமட்டுது."

"உங்களுக்கா? மலை ரோடு உங்களுக்குப் பழக்கம்னு..."

"உங்கப்பாவுக்கு ஒருநாளும் ஒமட்டுனதில்ல. எல்லா நாளும் எனக்குத்தான்."

அவன் ஏழாவது வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினான். இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

குழு நண்பர்களே, ஏற்காட்டுக்குப் போங்கள். இப்போது ரோடு நன்றாக இருக்கிறது. ஏரிக்கரையில் கூட்டம் அதிகம், பஜ்ஜி பரவாயில்லை. சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். முடிந்தால் பஸ்ஸில் போங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து.

அந்தப் பாறை அங்கேயே இருக்கிறது. போன மாதம் நான் இறங்கி அதன் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். என் சத்தம் எனக்கே தெளிவாகக் கேட்டது.