மாடிப்படிப் பாட்டின் கடைசி நிமிடம்

கூட்டத்தில் வீட்டுக்கு ஒருவர்தான் பேசலாம் என்று ரசிகர் மன்றச் செயலாளர் போனில் சொன்னதும் தங்கச்சிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எந்த வீட்டுக்கு?

"அதான் உங்க வீட்டுல இருந்து அண்ணன் பேசுறாரேம்மா," என்றார் செயலாளர்.

"அது அவர் வீடு சார். என் வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன். இருபத்தாறு வருஷமா."

"எல்லாம் ஒண்ணுதானேம்மா. நீங்க வந்து பாட்டு மிஷினைப் பாத்துக்கங்க. உங்களை விட்டா யாருக்கு அது தெரியும்?"

போனை வைத்த பிறகுதான் கோபம் ஏறியது. புருஷனோடு இருந்திருந்தால் அது புருஷன் வீடு. விட்டு வந்துவிட்டதால் அண்ணன் வீடு. குழாய் ஒழுகினாலும் தானே பார்த்து, கதவைப் பூட்டித் தானே சாவியைப் பையில் போட்டுக்கொள்கிற ஐம்பத்தைந்து வயதுக்காரிக்கு, ரசிகர் மன்றத்தின் பட்டியலில் மட்டும் சொந்த வாசல் கிடையாது.

அண்ணன் ஒருவருக்குத்தான் அவள் தங்கச்சி. ஆனால் அவருடைய கேசட் கடைக்கு வந்து போன அத்தனை பேரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். இருபத்து நாலு வயதில் அவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணவன் வீட்டின் மூன்று மாடியை இறங்கி வந்தாள். மறு மாதமே அண்ணன், "சும்மா உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்குக் கடைக்கு வந்து கேசட் பதிவு பண்ணு," என்று பின்னறையில் உட்கார வைத்துவிட்டார். இரண்டு பதிவுப் பெட்டி, ஒரு ஹெட்போன், சாய முடியாத ஒரு முக்காலி. பதினாலு வருஷம்.

கடல் கடந்த ஏதோ ஊரில் கிட்டார் வாசித்த அந்த ராக் கலைஞனை அங்கேதான் அவள் முதலில் கேட்டாள். ஊர் அவனுக்கு வைத்த பெயர் 'ஆறு விரல்'. மற்றவர்களைப் போல அவனுக்கும் ஐந்துதான். ஆனால் ஐந்தை வைத்துக்கொண்டு இப்படி வாசிக்க முடியாது என்று யாரோ அடித்துச் சொல்லிவிட, பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு கப்பல் சமையல்காரர் கொண்டுவந்து கொடுத்த இசைத்தட்டுகளிலிருந்து அவள் கேசட்டுக்கு ஏற்றுவாள். பாட்டின் வார்த்தைகள் அவளுக்குப் பிடிபடாது. அதனால் காதில் விழுந்ததைப் பெயராக்கி எழுதி ஒட்டினாள்: ரயில் பாட்டு, பல்வலிப் பாட்டு, மாடிப்படிப் பாட்டு. கேசட்டின் ஓரத்தில் மிஞ்சிய நிமிடங்களில் யாரும் கேட்காத பாட்டாகப் பார்த்துத் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்பினாள். இன்றைக்கும் தலை நரைத்த பொறியாளர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் சண்டை போடுகிறார்கள். அவர்கள் உயிரை விடும் பாட்டுகளில் பாதி அவள் ஓரத்தில் போட்டவை. பெயர் என்னவோ கடை முன்னால் சிரித்தபடி நின்ற அண்ணனுக்குத்தான். 'கேசட் அண்ணன்' என்றால் ஊரே எழுந்து நிற்கும்.

கடை மூடிய பிறகு அவள் காது ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குமிழைத் திருகுவாள். அந்தப் பக்கம் இருப்பவர் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். மன்றத்து ஆட்களில் பாதிப் பேரின் காது அவளுக்கு அத்துப்படி. ஆறு விரல் கிட்டாரை உச்சத்துக்குக் கொண்டுபோகும்போது கண்ணை மூடிச் சொக்கிப் போகும் செயலாளருக்கு, அந்த உச்சம் கேட்டு எட்டு வருஷமாகிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தொழில் தர்மம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் மாடி வகுப்பறையில் கூட்டம். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். 'முந்தாதே' என்ற பலகைக்குக் கீழே மேசை, மேசைமேல் இசைத்தட்டுப் பெட்டி. ஒவ்வொருவரும் எழுந்து தனக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும், பாட்டு ஒலிக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு சிறு புத்தகமாக வரப்போகிறது. போன வருஷம்வரை கேசட்டில்தான் போட்டார்கள். இந்த முறை செயலாளரின் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து அசல் இசைத்தட்டுகளை அனுப்பியிருந்தார். பழைய தட்டுகள் சமையல்காரரோடு என்றைக்கோ கப்பலேறிவிட்டன.

அண்ணன்தான் முதலில் பேசினார். "ஒவ்வொரு பாட்டையும் என் காதால கேட்டு, எது வேணும் எது வேணாம்னு பாத்துப் பாத்துத்தான் உங்களுக்குப் பதிவு பண்ணிக் குடுத்தேன். தூக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியாது."

கைதட்டல். தங்கச்சி தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

அடுத்து மருந்துக் கடைக்காரர். மனிதர் எழுந்ததுமே குரல் தழுதழுத்தது. "மாடிப்படிப் பாட்டு. வேற என்ன? கடைசியில கிட்டார் படிப்படியா இறங்குது பாருங்க. இறங்கி, தெருவுக்குப் போயி, அப்படியே தூரத்துல கரைஞ்சு போகும். எங்க அப்பா தவறின வருஷம் இதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தாங்க கலைஞன்."

"அதுக்காகத்தான் அதை ஆயிரம் கேசட்டுல போட்டேன்," என்றார் அண்ணன்.

தங்கச்சி ஊசியை வைத்தாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின்மேல் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன.

அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கிட்டார் இறங்கி முடித்ததும் பாடகன் திரும்ப வருவான். முரசு போட்டு மொத்தும். ஒரு நிமிடம் நாற்பது விநாடி, 'திரும்பி வா, திரும்பி வா' என்று நாய் குரைப்பது போலக் கத்துவான். அந்த ஒரு வரி மட்டும் அவளுக்கு அப்போதே புரிந்திருந்தது. மூன்று மாடி இறங்கியவளை அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை; கூப்பிட்டிருந்தாலும் அவள் நின்றிருக்க மாட்டாள். இந்தப் பாட்டில் இறங்கிப் போகிறவளை மட்டும் ஏன் கத்தி இழுக்க வேண்டும்? கிட்டார் கடைசிப் படியைத் தொடுவதற்கு முன்பே குமிழை மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக்கொண்டே வந்து பாட்டை முடித்துவிட்டாள். ஆயிரம் கேசட்டும் அந்த ஒரு பதிவின் நகல்கள்.

இப்போதும் குறைக்கலாம். யாருக்கும் தெரியாது. மருந்துக் கடைக்காரர் கண்ணை மூடியிருந்தார். இமை ஓரத்தில் ஈரம். கிட்டார் இறங்கத் தொடங்கியது.

வீட்டுக்கு ஒருவர்.

தங்கச்சி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முரசு இடிந்தது. பாடகன் கத்தினான். மருந்துக் கடைக்காரர் ஊசி குத்தியது போலத் துள்ளினார்.

"என்னது இது? வேற பாட்டு ஒட்டிக்கிச்சா?"

"ஏம்மா, மிஷின்ல என்ன பண்ணித் தொலைச்சே?" என்றார் அண்ணன்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு அண்ணே. பாட்டு இதான். கேசட்டுலதான் இது கிடையாது. கத்தல் பிடிக்கல, நான் குறைச்சு முடிச்சுட்டேன்."

 பாடகன் விடாமல் கத்திக்கொண்டிருந்தான்.

"நீங்க... குறைச்சீங்களா?" மருந்துக் கடைக்காரரின் முகம் சிவந்தது. "அப்ப முப்பது வருஷமா நான் அழுதது உங்க கைக்கா?"

"ஆமா சார். நல்லாத்தானே அழுதீங்க?"

யாரோ சிரித்துவிட்டு இருமல் போல மாற்றிக்கொண்டார்.

அண்ணன் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா! எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நான் முன்னாடி ஆளுங்களைப் பாத்துக்கிட்டு நிப்பேன். பின்னாடி ரூம்ல அத்தனையும் இவதான். இவ கைவரிசைக்கு நான் பொறுப்பாக முடியுமா?"

"இப்பத்தானே அண்ணே சொன்னீங்க, எல்லாத்தையும் உங்க காதால கேட்டுப் பதிவு பண்ணேன்னு? கை தட்டினப்ப உங்க காது, திட்டு விழும்போது என் கையா?"

"சபையில வாயாடாதே."

"சபையில எனக்கு இடமே இல்லையே அண்ணே. நீங்க பேசினா நான் பேசின மாதிரியாம். சாரைக் கேளுங்க."

செயலாளர் பட்டியலைப் புரட்டி, "அடுத்தது ரயில் பாட்டு," என்றார் அவசரமாக. தங்கச்சி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "மிஷினை யார் பாக்கறது?" என்று அவர் பதறியதற்கு, "கேசட் அண்ணன் இருக்காரே," என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். பெட்டியை எங்கே அணைப்பது என்று அண்ணன் தடவுவது கதவு மூடும்வரை தெரிந்தது.

ஆறு வாரம் கழித்துப் புத்தகம் வந்தது. ஒரு பிரதியை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். நாற்பது ரசிகர்கள், நாற்பது பாட்டுகள். அவளும் இருந்தாள்: கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில். 'மாடிப்படிப் பாட்டின் முடிவு கலைஞருடையதன்று. கேசட்டில் பதிவு செய்த பெண்மணியின் கைத்தவறு. வருந்துகிறோம்.'

யார் வருந்துவது? அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக அந்தப் பள்ளிக்குப் போனாள். வகுப்பறை மூலையில் இருநூறு பிரதிகள் கட்டுக் கட்டாக இருந்தன. முதல் கட்டைப் பிரித்தாள். 'கைத்தவறு' என்பதைக் கோடு போட்டு அடித்து, மேலே 'தீர்மானம்' என்று எழுதினாள். 'வருந்துகிறோம்' என்பதை அடித்ததோடு விட்டுவிட்டாள். அடுத்த பிரதி. வண்டி ஓட்டக் கற்க வந்த இரண்டு பெண்கள், தேர்வுத் தாள் திருத்தும் அம்மாள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

முப்பதாவது பிரதியில் இருந்தபோது மருந்துக் கடைக்காரர் வந்தார். செயலாளர் போன் செய்து அனுப்பியிருக்க வேண்டும். அடித்து எழுதிய பிரதி ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"புத்தகத்தைக் கிறுக்குறது தப்பும்மா."

"தப்பா அச்சடிச்சது?"

அவர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இன்னும் முழுசாக வடியவில்லை. "அந்தத் தட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிக் கேட்டேன். அஞ்சு தடவை. அசல்னா அசல்தானேன்னு பிடிவாதமாத்தான் கேட்டேன். அந்தாளு கத்த ஆரம்பிச்சதும் அஞ்சு தடவையும் எந்திரிச்சுப் போயிக் குறைச்சேன். ஒரு தடவைகூட உங்களை மாதிரி வரல. ஒண்ணு முன்னாடியே போயிடுது, இல்லன்னா அவன் ஒரு கத்து கத்திடறான்." குரலைத் தாழ்த்தினார். "எந்த இடத்துல குறைக்க ஆரம்பிக்கணும்?"

தங்கச்சி நிமிரவில்லை. பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"முதல்ல அந்தக் கட்டைப் பிரிங்க. கடைசிப் பக்கம், கீழ. எழுத்து ஒழுங்கா இருக்கணும்."