உப்பு தெரியாத நாட்கள்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு எதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் விவரமாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

கீழ்த்தாடையில் இடது பக்கம் கடைசியில் குறுக்கே முளைத்த பல். ஆறு மாதம் வலியோடு கிடந்துவிட்டு, போன பங்குனியில் பாண்டிச்சேரிக்குப் போய் எடுத்துக்கொண்டேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். தையல் போட்டுவிட்டு, கஞ்சி, கூழ், ஐஸ்கிரீம், எதுவானாலும் சூடு ஆறினதாக இருக்கட்டும் என்றார். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாக வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு. மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷமாக வேலை செய்கிறவனுக்கு உப்புத் தண்ணீர் கலக்கப் பாடம் எடுக்கிறாரே என்று சிரிக்கப் பார்த்தேன். வாய் மரத்திருந்ததால் எச்சில்தான் ஒழுகியது.

என் வேலை இதுதான். கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து, உப்பு ஏறி முத்தும். அதை எந்த நாளில் கடைசிப் பாத்திக்குத் திறந்துவிடலாம் என்று நான் சொல்ல வேண்டும். முந்தித் திறந்தால் உப்பு மட்டமாக இறங்கும். பிந்தினால் முந்தின பாத்தியிலேயே உப்பு கட்டிக்கொள்ளும். முதலாளியிடம் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஒரு கண்ணாடி மீட்டர் இருந்தது. உடைந்துவிட்டது. புதிதாக வாங்கவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்து நான் சொல்வதுதான் கணக்கு.

அதனால் மறுநாள் அரை ஸ்பூனைக் கலக்குவானேன் என்று நினைத்தேன். உப்புத் தண்ணீர்தான் ஏக்கர் கணக்கில் கிடக்கிறதே. நன்றாக முத்தின தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவந்து, அடுப்பில் லேசாகச் சூடாக்கி வாயில் ஊற்றிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. எரிந்தால்தான் ஆறும் என்று அடக்கிக்கொண்டு நின்றேன். மூன்று வேளை, இரண்டு நாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை மனைவி நொய்க்கஞ்சி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன்.

"உப்பு போடலியா?"

"போட்டேனே."

"இல்ல."

என் கிண்ணத்திலேயே ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தாள். "சரியாத்தான் இருக்குதுங்க. இன்னா, உப்பளத்துக்காரருக்கே உப்பு தெரியலியா?" என்று சிரித்தாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தேன். சரளைக்கல் மாதிரி இருந்தது. கரைந்தது. அவ்வளவுதான். உப்பு தெரியாதவனை முதலாளி எதற்கு வைத்துக்கொள்வார்?

பயந்துகொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்க்க ஆரம்பித்தேன். மூன்று டம்ளரில் மோர் ஊற்றி, ஒன்றில் உப்பில்லாமல், ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் அதிகமாகப் போட்டுக் கொடுக்க மனைவியிடம் சொன்னேன். "பல்ல புடுங்குனா புத்தியும் கூடவே போயிடும் போல" என்று முனகிக்கொண்டே கொடுத்தாள். மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஆனால் புளிப்பு வேறு வழியில் தெரிந்தது, காதடியில் ஒரு கூச்சம். கேழ்வரகுக் கூழில் மணல் மாதிரி ஒரு நறநறப்பு இருக்கிறது. வாழ்நாளெல்லாம் குடித்தும் அதை நான் கவனித்ததே இல்லை. பாலில் கரைத்த இட்லி நனைந்த துணி. ஐஸ்கிரீம் வெறும் குளிர்.

அன்று சாயந்தரம் கூனிமேட்டிலிருந்து லாரி ஓட்டும் பாய் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தூக்கில் கொண்டுவந்தார். என் கன்னத்தைப் பார்த்ததும், "வடைய உள்ள வச்சிக்கினு பேசற மாதிரி இருக்குதுண்ணே. இத குடிங்க, மெல்லவே வேணாம்" என்றார்.

பூண்டும் வெந்தயமும் நன்றாகத் தெரிந்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்தேன். அதுவும் போய்விட்டது. அப்போ இத்தனை நாள் பூண்டை மூக்காலேயே தின்றிருக்கிறேன்.

"உப்பு எப்படிண்ணே? நான் நோன்பு, எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"சரியா இருக்குது பாய்" என்றேன். பச்சைப் பொய்.

ஆறாம் நாள் முதலாளி போன் செய்தார், தண்ணீரைத் திறக்கலாமா என்று. பார்த்துச் சொல்கிறேன் என்று வரப்பில் போய்க் குந்தி விரலை வாயில் வைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தேன். அதே உப்பளத்தில் உப்புக்கூடை தூக்கும் மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னும் தெரியலியா?"

கேன் தண்ணீரில் கொப்பளித்ததைச் சொன்னேன். அவள் பேச்சில் மரியாதை போய்விட்டது.

"அறிவிருக்குதா உனக்கு? மீன போட்டா கருவாடா ஆயிடும் அந்தத் தண்ணில. அதுல வாய ஊற வச்சிருக்கிற."

திட்டிக்கொண்டே குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "இன்னும் ஒரு நாள் போவட்டும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ பாத்துட்டுப் போனதும் நானும் பாப்பேன். நீ சொன்னது சரியானு."

"தப்பா இருந்திருக்குதா?"

"ரெண்டு மூணு தடவ."

"ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

கோபம் வந்தது. அவள் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை, அதனால் இன்னும் அதிகமாக வந்தது. முதலாளிக்கு "நாளைக்கு" என்று சொன்னேன். என் வார்த்தை மாதிரியே சொன்னேன். மறுநாள் திறந்தோம். உப்பு நல்லபடியாக இறங்கியது.

அன்றே மனைவி டாக்டருக்குப் போன் போடவைத்தாள். நாக்கு வெந்துபோயிருக்கும், அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள், மெல்ல மெல்ல வந்துவிடும், வராவிட்டால் நேரில் வாருங்கள் என்றார். அரை ஸ்பூன் என்றுதானே சொன்னேன் என்று இரண்டு முறை கேட்டார்.

பத்தாம் நாள் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் குடிக்கும்போது நாக்கின் வலது ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஏதோ பட்டது. உப்பு.

"கூழுல உப்பு கூட" என்றேன்.

அவள் வாங்கிக் குடித்துப் பார்த்தாள். "கூடத்தான்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அடுத்த தண்ணீர் முத்தியது. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். வலது ஓரம் இன்றைக்குத் திறக்கலாம் என்றது. இடது பக்கம் இன்னும் பேசவில்லை. அவளும் பார்த்தாள். நாளைக்குச் சாயந்தரம் என்றாள். இல்லை என்றேன். ஆமாம் என்றாள். அந்த நேரம் பார்த்து முதலாளி போனில் வந்து, இன்னாபா, திறக்கலாமா என்று கேட்டார்.

"இருங்க, என் சம்சாரம் சொல்லுவா" என்று போனை நீட்டினேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.