மலைத்தளிர் யாரம்மா?

ஜெசிந்தினியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பதுளை பஸ்ஸில் அபூர்வமாக சீட் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுந்து நின்றுவிடுவாள். ஒரு கையில் சொந்தப் போன், மறு கையில் வியாபாரப் போன். இரண்டும் மாறி மாறி அடித்தால் எரிந்து விழுவாள். அடிக்காவிட்டால் ஊரே தன்னை மறந்துவிட்டது என்று பதறுவாள்.

வயது முப்பத்து நான்கு. கொழும்பில் உடுப்புக் கடையொன்றில் எட்டு வருடம் கால்கடுக்க நின்றுவிட்டு, நமுனுகுலப் பக்கத்தில் தான் பிறந்த தோட்டத்துக்கே திரும்பியவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் ஒரு காலத்தில் குழந்தைகளை விட்டுப்போன பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து, அச்சு மெசின் ஒன்றைப் போட்டு, பாக்கு மட்டையில் சாப்பாட்டுத் தட்டு அடிக்கிறாள். மட்டை லுணுகலையிலிருந்து லொறியில் வரும். கூடவே ஜீவராணி என்ற பெண் வேலை செய்கிறாள். மூன்று பிள்ளைகளோடு தனியாக நிற்பவள்.

சாப்பாட்டுக் கடைகளில் பீங்கானுக்கு மேலே ஒரு லஞ்ச் சீட்டை விரித்துச் சோறு போடுவார்களே, அந்தப் பொலித்தீனை ஒழிப்பதுதான் ஜெசிந்தினியின் இலட்சியம். கடைக்காரர்கள் சுலபத்தில் மசியவில்லை. ஆகவே ஒரு தந்திரம் செய்தாள். "உங்க கடைய போன் மேப்புல ஏத்தித் தாறேன், சாமான் படமெல்லாம் வட்ஸ்அப்புல போட்டுத் தாறேன், ஒரு மாசம் என் தட்டப் பாவிச்சுப் பாருங்க" என்றாள். சலூன், பேக்கரி, தையல் கடை என்று பதுளை பஜாரில் பத்தொன்பது கடைகளை மேப்பில் ஏற்றிவிட்டாள். அவளுடைய பிள்ளைக் காம்பரா மட்டும் எந்த மேப்பிலும் இல்லை.

அது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை, சுற்றுலாப் பயணிகள் குவியும் எல்ல ஊரிலிருந்து கேஷானியின் அழைப்பு வரும்வரை. அங்கே பதினொரு விடுதிகள் சேர்ந்து பிளாஸ்டிக் தட்டை நிறுத்தப்போகின்றன. சீசன் முழுவதற்கும் தட்டு எடுக்கும் பொறுப்பு கேஷானியிடம்.

"உங்க தட்டு எனக்குப் புடிச்சிருக்கு, ஜெசிந்தினி. ஆனா மேப்புல உறுதியான எடம் இருக்கணும். போன வருசம் ஒருத்தன் படத்தக் காட்டி ஏமாத்திட்டுப் போயிட்டான். மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்."

"ரெண்டு வாரம் போதும் மிஸ்" என்றாள் ஜெசிந்தினி, மார்தட்டாத குறையாக. பத்தொன்பது பேருக்குச் செய்தவளுக்கு இது என்ன பிரமாதம்? விவரத்தை மேப்பில் பதிந்தால், இடத்தை உறுதிசெய்ய ஆறு இலக்க எண்ணோடு ஒரு தபால் அட்டை வரும். எண்ணைப் போனில் தட்டினால் வேலை முடிந்தது. பஜார் கடைகளுக்கு அது ஒரே வாரத்தில் வந்தது.

அவளுக்கு வரவில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள். மெசினை ஓடவிட்டுப் பாதியில் வாசலுக்கு ஓடுவாள். மட்டை தீய்ந்த வாசனை வந்ததும் ஜீவராணி கத்துவாள். எல்ல ஓடர் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் ஜீவராணிக்கு வேலை கொடுக்க வழியில்லை. அதை அவளிடம் சொல்லவும் முடியாமல், மெல்லவும் முடியாமல், ஜெசிந்தினி சும்மா கிடந்த தட்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

பதினான்காம் நாள் தோட்டத்து ஆபீசுக்கே போய்விட்டாள். கணக்கப்பிள்ளை ஜெயகுமார் தலையைச் சொறிந்தார்.

"ஒன் பேருக்கு ஒண்ணும் வரலியே தங்கச்சி. மலைத்தளிர்னு ஒரு அட்டை வந்துச்சு. மூணு நாளு பெரட்டுல கூப்பிட்டேன். யாருமே கேக்கல, திருப்பி அனுப்பிட்டேன்."

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த இந்தச் சங்கதி, பதிவு செய்யும்போது அவள் மூளைக்கு எட்டவேயில்லை. மலைத்தளிர் அவளுடைய கம்பெனியின் பெயர். கொழும்பு வரைக்கும் ஆயிரம் பேருடைய போனில் இருக்கிறது. தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டவள் அவளேதான். முன்பு ஒரு தடவை 'றோயல்' என்று பெயர் போட்டு லயம் முழுக்க சவர்க்காரம் விற்றாள். அது நுரைக்கவே இல்லை. ஒரு வருடம் சின்னஞ்சிறுசுகள் வரை அவளை "றோயலு" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மானக்கேட்டுக்குப் பிறகுதான் வாசலில் பெயர்ப்பலகை இல்லை, வாயில் பெயரும் இல்லை. மட்டைத் தட்டு அடிக்கிறாள் என்பதற்கு மேல் யாரும் அறியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள். றோசாலி முப்பத்தொரு வருடமாகக் கொழுந்தெடுப்பவள். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மலைத்தளிரா? அது ஒன்னோடதா? யாரோ புதுசா வந்த புள்ளயின்னுல்ல நெனச்சோம். 'மலைத்தளிர் யாரம்மா'ன்னு அவரு கேக்கக் கேக்க எல்லாரும் சிரிச்சாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நானுந்தான் சிரிச்சேன்."

ஜெசிந்தினிக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று தெரியாததால் வாளியை எட்டி உதைத்தாள். அம்மாவிடம்கூட சொல்லாத பெயரை ஊரெல்லாம் விற்றுக்கொண்டு திரிந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அட்டைக்கு மறுபடி விண்ணப்பித்தாள். மறுநாள் விடியற்காலை, பத்தொன்பது வயதில் இனி மிதிக்கமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டுப் போன பெரட்டுக் களத்துக்குப் போனாள். முதுகில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக எண்பது பெண்கள்.

"மலைத்தளிர்ங்கிறது நாந்தான். என் தட்டுக் கம்பெனிப் பேரு. அட்டை வந்தா சொல்லுங்க."

"அப்ப றோயலு என்னாச்சு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். களமே குலுங்கிச் சிரித்தது. ஜெசிந்தினியின் காது சிவந்தது. ஆனால் ஓடவில்லை. சாக்கிலிருந்து தட்டுகளை எடுத்து ஆளுக்கொன்றாக நீட்டினாள். சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள், வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகு தினமும் பெரட்டுக்குப் போனாள். கடிதக் கட்டு பிரியும். அவள் பெயர் வராது. மாதத்தின் கடைசி நாள் காலையில் அவளால் முடியவில்லை. இல்லை என்ற சொல்லை இன்னொரு தடவை கேட்கும் தெம்பு இல்லை. பிள்ளைக் காம்பராவில் நின்று, கேஷானிக்கு என்ன சொல்வது என்று போனில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். ஜீவராணி ஏதோ புரிந்தவள்போல் மெசினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் றோசாலி மூச்சிரைக்க வந்து நின்றாள். முதுகில் வெறுங்கூடை. கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருக்க வேண்டிய நேரம். இனிப் போனால் அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம்.

"கூப்பிட்டாரும்மா" என்றாள். "நான் கையத் தூக்குறதுக்குள்ள எல்லாரும், 'அந்தா றோசாலி, அந்தா றோசாலி'ன்னு கத்துறாங்க. கணக்கப்பிள்ளை என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. 'நீதான் மலைத்தளிரா'ன்னாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஆமாங்க, நாங்கதான்னேன்."

கொழுந்துக் கறை படிந்த விரல்களுக்கிடையே அட்டை இருந்தது. ஜெசிந்தினிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. எண்களை ஜீவராணிதான் ஒவ்வொன்றாக வாசித்தாள்.