குடிக்காத பீருக்கு ஒரு வரிசை

என் அண்ணனுக்கு பீர் வாங்கத்தான் தெரியும், குடிக்கத் தெரியாது. அவனுடைய துணி அலமாரியைத் திறந்த அன்றுதான் இது எனக்குத் தெரிந்தது. சட்டைகளையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, எல்லாத் தட்டிலும் பீர் டின்கள் சட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒன்றில் மூக்குக் கண்ணாடி போட்ட நத்தை, ஒன்றில் குடை பிடித்த மீன், இன்னொன்றில் என்னவென்றே புரியாத ஒரு கிறுக்கல். ‘லிமிடெட் எடிஷன், தீர்ந்தால் திரும்ப வராது’ என்று ஒவ்வொன்றிலும் ஒரு மிரட்டல் வேறு. ஒரு டின்னைக்கூடத் திறக்கவில்லை.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். பின்னால் ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் கூச்சல் போட்டால், ஒரே அதட்டலில் அடக்குகிற தொண்டை எனக்கு. அதை முழுசாகத் திறந்தேன். அண்ணன் மாடிப்படியில் பாதி இறங்கியவன் திரும்பி வந்து கதவோரம் நின்றான்.

"என்னண்ணா இது?"

"பீர், பாப்பா."

எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"அது தெரியுது. ஒரு டின் என்ன விலை?"

சொன்னான். ஒரு வாரக் காய்கறிக்கு ஆகிற காசு. எனக்கு வயிறு எரிந்தது.

"அந்த நத்தை போட்டது ஒரு வருஷம் மரப் பீப்பாய்க்குள்ள தூங்கினது, பாப்பா. அதான் விலை."

"அது தூங்கினதுக்கு நீ ஏன் காசு கொடுக்கணும்? சரி, குடிச்சுப் பார்த்தியா?"

"கடையில ஒரு வாய் குடிச்சேன். கசப்பு. நமக்கு ஆகாது."

"அப்புறம் என்ன எழவுக்கு வாரா வாரம் வாங்கறே?"

அவன் ஒரு டின்னை எடுத்துச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான். இவன் இப்படித்தான். ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான், யோசித்து முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அப்புறம் கல்யாணப் பேச்சையே விட்டுவிட்டு எங்கள் வீட்டு மாடி அறையில் குடியேறியவன்.

ஆனால் ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சில் கெட்டிக்காரன்தான். வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை அவனுக்கு. வாசலில் நின்று "கரண்ட் மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுப்பான், கதவு திறக்கும், அவ்வளவுதான், ஊர்க்கதை முழுக்க அவன் காதுக்கு வந்துவிடும். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கடிப்பாள் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் சொல்லச் சொல்ல, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சோறு ஆறிப்போவதே தெரியாது.

பிறகு ஊர் முழுக்கப் புது மீட்டர் வைத்தார்கள். அவை தங்கள் கணக்கைத் தாங்களே ஆபீசுக்கு அனுப்பிவிடும். அண்ணனை ஒரு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். எந்த மீட்டராவது பேசாமல் இருந்தால் அதைக் குறித்துவைக்க வேண்டும், அதுதான் வேலை. மீட்டரெல்லாம் பேச ஆரம்பித்தன, அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான். என்ன கேட்டாலும் "ம்". வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல ஒரு "ம்". அந்த இரண்டு வருஷம் எனக்கு அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது. இப்படியே உள்ளுக்குள் சுருங்கிப் போய்விடுவானோ என்று தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் வெளியே கிளம்புகிற இந்தக் கூத்து ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தான். காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவான். மத்தியானம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவான். குடிதான் இவனைப் பேச வைக்கிறது என்று நினைத்துத்தான் அலமாரியைக் குடைந்தேன். பார்த்தால், குடியும் இல்லை.

என் வீட்டுக்காரர் சோபா தைக்கிறவர். எதையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் கருத்துச் சொல்ல மாட்டார். அன்று ராத்திரி அண்ணனிடம் கேட்டுவிட்டு நத்தை டின்னைத் திறந்தோம். அவர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

"அந்த விலைக்கு?"

"அந்த விலைக்கு இது எழுந்து நின்னு நம்மகூட ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணனைப் பின்தொடர்ந்து போனேன். மஞ்சள் நிற ஸ்கூல் வேனில் ஒருவனுக்குத் தெரியாமல் பின்னால் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வழியில் இரண்டு பிள்ளைகள் "ஆன்ட்டி!" என்று கையாட்டி மானத்தை வாங்கின. நல்லவேளை, அண்ணன் திரும்பிப் பார்க்கிற ஜாதி இல்லை.

பழைய டயர்க் கடை ஒன்றை வெள்ளையடித்து பீர்க் கம்பெனி ஆக்கியிருந்தார்கள். ஷட்டர் இன்னும் திறக்கவில்லை, அதற்குள் வெளியே ஒரு வரிசை. முதல் ஆளாக அண்ணன். அவனுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் மடக்கு நாற்காலியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, கடைசியில் ஒரு பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் அவர்தான், அதனால் எனக்கு அடையாளம் தெரிந்தது. அண்ணன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தொப்பிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது!

பேசாமல் திரும்பியிருக்கலாம். என் புத்தி விடுமா? வேனை ஓரங்கட்டிவிட்டு விறுவிறுவென்று அண்ணனிடம் போனேன். நாலடி போவதற்குள் நாற்காலியம்மா குரல் கொடுத்தார்.

"ஏம்மா, நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியலையா? வரிசையில வாங்க!"

"நான் பீர் வாங்க வரலைங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லிட்டு முன்னால போறது" என்றார் தொப்பிக்காரர்.

அண்ணன் என்னை முன்னே பின்னே பார்த்திராதவன் மாதிரி ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். திருட்டுப்பயல்! மூக்கு உடைபட்டு வேனுக்குத் திரும்பினேன். ஆனால் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனுடைய சட்டைகளுக்கு என் அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி அவனே சொன்னான். தொப்பிக்காரரை அவனுக்கு முன்பே தெரியுமாம். "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே" என்று அவர் கேட்க, "உங்க வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில. பக்கத்துல செயின் அறுந்த சைக்கிள் ஒண்ணு கிடக்கும்" என்று இவன் சொல்ல, அப்படி ஆரம்பித்த பேச்சாம். பெயர் தெரியாது. நாற்காலியம்மா பெயரும் தெரியாது. கேட்கத் தோன்றவே இல்லையாம்.

இத்தோடு அந்த பீர்க் கம்பெனிக்காரன் சும்மா இருந்திருக்கக் கூடாதா? ஒரு நாள் அண்ணன் ஃபோனுக்கு ஒரு செய்தி அனுப்பினான். ‘அன்புள்ள வாடிக்கையாளரே, இனி நீங்கள் வெயிலில் வரிசையில் நின்று கஷ்டப்பட வேண்டாம். ஆர்டர் கொடுத்தால் போதும், வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவோம். சனிக்கிழமை விற்பனை இன்றோடு நிறுத்தப்படுகிறது.’

யார் கேட்டது இவனை? யாராவது கஷ்டம் என்று போய் அழுதார்களா?

அண்ணன் ஒழுங்காக ஆர்டர் கொடுத்தான். ஹெல்மெட் போட்ட ஒருவர் அட்டைப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, நாங்கள் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டார். பெட்டி அப்படியே கிடந்தது. அடுத்த வாரம் அதன் மேல் இன்னொரு பெட்டி. அண்ணன் மறுபடியும் "ம்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

"ஃபோன் நம்பராவது வாங்கி வெச்சிருக்கலாம்ல?"

"ம்."

"அந்தத் தொப்பிக்காரர் வீட்டு மீட்டர் எங்க இருக்குன்னு தெரியுது, வீடு எங்க இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? நேராப் போய்க் கதவைத் தட்டேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "தட்டி? என்னன்னு சொல்றது, பாப்பா? சும்மா வந்தேன்னா சொல்றது?"

வாழ்நாள் முழுக்க ஊரிலுள்ள கதவையெல்லாம் தட்டியவனுக்கு, வேலை இல்லாமல் ஒரு கதவைத் தட்டத் தெரியவில்லை.

அந்த சனிக்கிழமை காலையில் அவனை வேனில் ஏற்றினேன். டீசல் போடணும், துணைக்கு வா என்று பொய் சொன்னேன். வேன் டயர்க் கடைத் தெருவில் திரும்பியதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஷட்டர் மூடியிருந்தது. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை.

"பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன். இறங்கு."

"இறங்கி?"

"வழக்கமா எங்க நிப்பியோ அங்க நில்லு."

"பைத்தியமா உனக்கு? யாரும் வர மாட்டாங்க."

"நில்லுன்னா நில்லு!"

ஸ்கூல் பிள்ளைகளிடம் போடுகிற அதட்டல். இறங்கிப் போய் மூடின ஷட்டர் முன்னால் நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். தெருவில் போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். வெயில் ஏறியது. அவனைக் கூட்டிக்கொண்டு வந்து இப்படி அவமானப்படுத்துகிறோமே என்று எனக்கே உறுத்த ஆரம்பித்தது. போகலாம் என்று வாயெடுத்தபோதுதான் தெருமுனையில் ஒரு தொப்பி தெரிந்தது.

"அட, நீங்களா?" என்றார் தொப்பிக்காரர். "சும்மா இப்படி நடந்து போயிட்டிருந்தேன்." கையில் பீர் வாங்குகிற பை.

அவர் வந்து சரியாக அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியம்மாவும் வந்தார். அவரும் சும்மாதான் நடந்து போய்க்கொண்டிருந்தாராம், மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு! ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பல் டாக்டர் மட்டும்தான் உண்மையைச் சொன்னார். "போன வாரமும் வந்து பார்த்தேன். யாரும் இல்லை. போயிட்டேன்."

பேச்சுச் சத்தம் கேட்டு ஷட்டர் பாதி திறந்தது. தாடி வைத்த முதலாளி குனிந்து வெளியே வந்தார்.

"சார், இப்பல்லாம் ஆர்டர் மட்டும்தான். மெசேஜ் வரலையா?"

"வந்துச்சு" என்றார்கள் எல்லாரும்.

"இன்னைக்கு விக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"தெரியும் தம்பி. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார் நாற்காலியம்மா.

முதலாளிக்குப் பாவம், ஒன்றும் புரியவில்லை. வெயிலில் நிற்கிறார்களே என்று உள்ளே போய் நான்கு கிளாசில் பீர் ஊற்றிக்கொண்டு வந்தார். புதுசாம், அத்திப்பழம் போட்டதாம், வெளியே யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லையாம். பல் டாக்டர் ஆசையாகக் கையை நீட்டினார்.

"எனக்கு வேண்டாம், நெஞ்சு கரிக்கும்" என்றார் தொப்பிக்காரர்.

"எனக்கு அந்த வாசனையே ஆகாது" என்றார் நாற்காலியம்மா. "நான் வாங்கறதெல்லாம் தம்பி வீட்டுக்குத்தான் போகுது."

அண்ணன் தலையை ஆட்டினான். "கசப்பு."

டாக்டர் கிளாசும் கையுமாக விழித்தார். "அப்ப நான் ஒருத்தன்தான் குடிக்கிறேனா? வாரா வாரம் இதுல புகை வாசனை இருக்கு, கடைசியில ஆரஞ்சு வருதுன்னு சொல்வேனே, எல்லாரும் ஆமா ஆமான்னு தலையாட்டினீங்களே?"

"ஒரு மரியாதைக்குத்தான் டாக்டர்" என்றான் அண்ணன்.

எல்லாரும் சிரித்த சிரிப்பில் தெருவே அதிர்ந்தது. முதலாளிதான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. வேன் ஓட்ட வேண்டுமே என்று நாக்கு நனைகிற அளவுக்கு மட்டும் ஒரு கிளாசிலிருந்து ருசி பார்த்தேன். நன்றாக இருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை.

"அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"திறந்து வெச்சா வாங்கிட்டுப் போறோம். திறக்கலைன்னா வாங்காமப் போறோம்" என்றார் நாற்காலியம்மா.

தொப்பிக்காரர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அதிருக்கட்டும், உங்களுக்கு என் வீடு தெரியும்ல? இத்தனை வாரமா ஏன் வரலை? நீங்க வருவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

அண்ணன் தரையைப் பார்த்தான். "என்னன்னு சொல்லிட்டு வர்றதுன்னு..."

"எப்பவும் என்ன சொல்வீங்களோ அதையே சொல்லுங்களேன். மீட்டரை வெளிச்சுவருக்கு மாத்திட்டாங்க, படிக்கு அடியில இப்ப ரெண்டு ஓட்டைதான் இருக்கு. வந்து அந்த ஓட்டையைப் பார்த்துட்டுப் போங்க."

அண்ணன் சிரித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரையும் வேனில் ஏற்றித் தொப்பிக்காரர் வீட்டில் நானே கொண்டுபோய் இறக்கினேன். அவர் பின்கதவு வழியாக உள்ளே போனார். அண்ணனை வேண்டுமென்றே வாசலில் நிற்க வைத்துவிட்டு முன்கதவைச் சாத்திக்கொண்டார். நான் வேனைக் கிளப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கரண்ட் மீட்டர்!"

அன்று ராத்திரி எங்கள் மூன்று பேருக்கும் சோறு ஆறிப்போயிற்று. அந்த சைக்கிள் இன்னும் படிக்கு அடியிலேயேதான் கிடக்கிறதாம். அடுத்த வாரம் இரண்டு பேருமாக அதற்குச் செயின் மாட்டப் போகிறார்களாம்.