கோட்டூர்புரத்தில் நிலப்பனை

ஆவணிக் கடைசியில் பெய்த மழைக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் அதைப் பார்த்தேன். கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமாக, கார் நிறுத்துமிடம் கட்ட ஒதுக்கியிருந்த மண்தரை. அதில் ஒரு கொத்தாக நீளநீள இலைகள். கோரை என்றே நினைத்தேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற மேல்மாடி மாமியை அழைத்துவந்து காட்டினேன்.

"கோரைன்னா தண்டை உருட்டினா மூணு பட்டை தட்டுப்படும். இதுக்குத் தண்டே காணோமே" என்றார். இலையை நீவிப் பார்த்தார். பனங்கன்றின் ஓலைபோல நெடுக மடிப்பு. "பூக்கட்டும். அதுக்கு முன்னாடி பேர் சொல்ல மாட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமையே பூத்தது. மண்ணோடு ஒட்டி, ஆறு இதழில் ஒரு மஞ்சள் பூ. மாமி தரையில் உட்கார்ந்தேவிட்டார்.

"நிலப்பனை! படிக்கறச்சே கிண்டில பார்த்தது. அப்புறம் இந்த ஊர்ல கண்ணுலயே படலை. நம்மாத்துக்குப் பின்னாடியே இருந்துண்டு இருக்கு பாருங்கோ!"

கிழங்கிலிருந்து மழைதோறும் துளிர்க்கும் செடி. எங்கள் தரையில் இருந்தது ஒரே கொத்து. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனோம்.

"அந்த மூலையை விட்டுடலாம் மாமி. வேலை செய்யறவங்களுக்குத் தெரியற மாதிரி அடையாளம் மட்டும் போட்டு வைங்க" என்றார். இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. மாமி கோலமாவை எடுத்துவந்து, செடியைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார்.

திங்கட்கிழமை காலை இறங்கிப் போனபோது அந்த இடத்தில் குழி இருந்தது. எங்களைக் கண்டதும் ஜேசிபி ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா மாமி, இன்னா ஆச்சு?"

"வட்டம் போட்டிருந்தேனே, பார்க்கலையா?"

"பார்த்தேனே! வெள்ளைக் கோடு கீதுன்னா அங்க தோண்டணும்னுதானே? மொதல்ல அத்ததான் எடுத்தேன்."

கட்டட வேலையில் சுண்ணாம்புக் கோட்டுக்கு அதுதான் பொருள். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

"மண்ணு எங்கப்பா?"

"லாரி அப்பவே போய்ட்ச்சு. பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கம் எங்கனா கொட்டுவானுங்க." அவர் முகம் வாடிவிட்டது. "துளசியா மாமி? நா வேற வாங்கியாந்து வச்சிடறேன்."

"வேண்டாம்ப்பா. நீ வேலையைப் பாரு."

படியேறும்போது, கிழங்கு மண்ணோடுதானே போயிருக்கிறது, மறுபடி முளைக்காதா என்று கேட்டேன்.

"அத்தனை குப்பைக்கு அடியிலயா?" என்றார் மாமி. கீழே வண்டி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.