பெரிய வெள்ளியன்று வைத்த கூண்டு

தாவீதுராஜுக்குப் பாலவனத்தம். கடலைக்காட்டில் குரங்கு இறங்கினால் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடுவார். எந்தக் குட்டி எதன் பிள்ளை என்பதெல்லாம் அத்துப்படி. சொந்த மச்சினன் பிள்ளைகள் பெயர்தான் மனுஷனுக்கு மறந்துபோகும்.

1991இல் மதுரையிலிருந்து ஈஸ்வரி வந்தாள். ஆராய்ச்சி மாணவி. திருச்சுழி ரோட்டுப் புளியமரத்துக் குரங்குகளைப் பிடித்து, ரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். நோயை எதிர்க்கும் மரபணுக்கள் கொத்தாக இருக்குமாம். பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒரு கொத்தும் தகப்பனிடமிருந்து ஒரு கொத்தும் இறங்குமாம். அந்தக் கொத்து குரங்கில் எப்படி அடுக்கியிருக்கிறது, காலப்போக்கில் எங்கே பெருகியது, எங்கே தேய்ந்தது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

"நமக்கும் அதுகளுக்கும் பங்காளி மொறைண்ணே. பாகம் பிரிஞ்ச கதையெல்லாம் இதுல தெரியும். தாய் பிள்ளைய மட்டும் நீங்க சரியாச் சொல்லணும். கூண்டு வச்சா விட்டுட்டுப் போகக்கூடாது" என்றாள்.

பெரிய வெள்ளிக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள். வரும்போது தாயும் குட்டியுமாய் ஒரு ஜோடி கூடுதலாகக் காட்டலாமே என்று தாவீதுராஜ் காலையிலேயே கூண்டை வைத்துவிட்டு சர்ச்சுக்குப் போனார். பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் மேல் பிரசங்கம். பாதிரி ஐயர் ஒவ்வொரு வார்த்தைக்கும் எதையெதையோ பேசி ஊரைச் சுற்றி வந்தார். பாதியில் எழுந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று இவரும் உட்கார்ந்தே இருந்தார்.

திரும்பி வந்தால் கூண்டுக்குள் தாய்க்குரங்கு வெயிலில் செத்துக் கிடந்தது. அதன் வயிற்றடியில் குட்டி உயிரோடு இருந்தது. கதவைத் திறந்ததும், இரண்டு நாள் முன்பு தன் குட்டியை பஸ்ஸுக்குப் பறிகொடுத்திருந்த இன்னொரு குரங்கு ஓடிவந்து அதை வாரிக்கொண்டு மரமேறியது. செத்ததைத் தாவீதுராஜ் குழிதோண்டிப் புதைத்தார்.

மறுவாரம் அந்த இன்னொரு குரங்கும் அது தூக்கிப்போன குட்டியும் கூண்டில் விழுந்தபோது ஈஸ்வரி கேட்டாள்.

"இது யாரு குட்டிண்ணே?"

"அவ பெத்ததுதாம்மா."

இரண்டு வருஷம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். அந்தக் குட்டியிடம் தாயின் கொத்து இல்லவே இல்லையாம். "எங்கயோ நான்தான் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய மாத்தி வச்சிருக்கேன். ஒண்ணு தப்புன்னா எல்லாமே சந்தேகம்னு மொத்த ஆராய்ச்சியையும் யுனிவர்சிட்டில தள்ளிட்டாக. நான் படிப்ப விட்டுட்டேண்ணே."

அப்போதாவது தாவீதுராஜ் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போனதில்லை. யாராவது கேட்டால் முட்டிவலி என்பார். உள்ளே மனசு அறுத்துக்கொண்டே இருந்தது.

1998இல் அவள் பாளையம்பட்டிப் பக்கம் டீச்சராக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனார். பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். செருப்பைக் கழற்றினாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நான் குழாய மாத்தலையாண்ணே?"

"இல்லம்மா. நாந்தான்."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"பரீட்சைப் பேப்பர்ல மார்க்கு போட்டுட்டு, பேரு சரியான்னு இப்பவும் நாலு தடவ பாக்கேண்ணே. அஞ்சு வருசமா என் கைய நானே நம்பல."