படகு ஏறுமுன் வந்த செய்தி

கனகலிங்கம் மோர்டனில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறவன். வேலைக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை. கலியாண வீட்டில் முதல் பந்தியைத் தவறவிட்டதுமில்லை. பயணி ஏசினால் "தாங்க் யூ" என்பான், கதவு மூடியபின் தமிழில் கொடுப்பான். அப்படிப்பட்டவன் ஐம்பத்து நாலு வயதில், டிவியில் எதையோ பார்த்துவிட்டு, அமெரிக்காவில் கொலராடோ ஆற்றில், மலைப்பிளவுக்குள் ஆறு நாள் ரப்பர் படகில் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். துணைக்கு நான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவனுக்கு எல்லாவற்றுக்கும் துணை நான்தான்.

படகு ஏறும் இடத்தில், போன் வேலைசெய்த கடைசி நிமிடத்தில், அவன் மனைவி வான்மதியின் செய்தி எனக்கு வந்தது. "அண்ணை, ஊரிலை, கோண்டாவிலிலை மாமா காலமாகிட்டார். இவர்தானே மூத்த மகன். கொள்ளி வைக்க வரவேணும் எண்டு உடம்பை வைச்சிருக்கினம். பக்குவமாச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாங்கோ." இழவுச் செய்தியை உரியவனிடம் நேரே சொல்லாமல் பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வது எங்கள் வழக்கம். "ஓம், சொல்லுறன்" என்று பதில் அனுப்பினேன்.

சொல்லவில்லை. நல்ல நேரம் பார்க்கிறேன் என்று என்னையே ஏமாற்றினேன். உண்மை வேறு. சொன்னால் அவன் திரும்புவான், நானும் திரும்பவேண்டும். இரண்டு வருடம் லீவு சேர்த்து வந்திருந்தேன். அந்த மண்ணாங்கட்டி ஆசைக்காக வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

இரண்டாம் நாள் கனகலிங்கம் படகில் எழும்பி நின்று பழைய பாட்டுகள் பாடினான். மூன்றாம் நாள் காலை ஆறு நுரைத்து விழும் இடம் வந்தது. இரண்டு பக்கமும் சிவந்த பாறை வானம்வரை நின்றது. முன்னால் இருந்த கனகலிங்கம் "வலியடா, வலியடா!" என்று கத்தித் துடுப்புப் போட்டான். படகு கவிழப் பார்த்து நிமிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ பெட்டிக்குள் மகனுக்காகக் காத்துக் கிடந்த மனிதர்தான் கண்ணுக்குள் நின்றார்.

மத்தியானம் மணல்திட்டில் வழிகாட்டிப் பெண் இறைச்சி சுட்டாள். செத்த வீட்டில் அடுப்பு எரியாது. இவன் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, பெரிய துண்டை என் தட்டில் வைத்தான்.

"சாப்பிடு மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கொப்பர் போயிட்டார், கனகு."

"எப்ப?"

"நாங்கள் படகு ஏற முதல். வான்மதி எனக்குச் சொன்னவ."

அவசரத்துக்கென்று அணைத்து வைத்திருந்த சாட்டலைட் போனை வழிகாட்டியிடம் கெஞ்சி வாங்கி அவனிடம் கொடுத்தேன். வான்மதியின் அழுகை எனக்கும் கேட்டது. "ரெண்டு நாளாக் கூப்பிடுறன், கிடைக்கேல்லை. இண்டைக்கு எடுத்திட்டினம். தம்பிதான் கொள்ளி வைச்சவர்."

போனைத் திருப்பித் தந்துவிட்டு ஆற்றைப் பார்த்தபடி இருந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நேற்று நான் படகிலை நிண்டு பாடேக்கை உனக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"நீ கை தட்டினனீ, மச்சான்."